ஒரே உத்தரவு

நான் பட்டாளத்தில் இருந்தபோது, கூடவே இருந்த நாராயணபெருமாள் பனிமலையில் அடிபட்டுக் கிடந்தான். கீழே ஹெலிகாப்டர் தயாராக நின்றது. ஆனால் அது விமானப்படையுடையது, நாங்கள் தரைப்படை. எங்கள் மேலிடம் அவர்கள் மேலிடத்தைக் கேட்டு, பதில் வருவதற்குள் அவன் என் மடியிலேயே செத்துப்போனான். ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகும் எனக்கு அந்த எரிச்சல் அடங்கவில்லை. வடசேரி டீக்கடையில் யார் சிக்கினாலும், "மூணு படைக்கும் ஒரே தலைமை வேணும்" என்று சொல்லி அவர்கள் உயிரை வாங்குவேன்.

ஆகவே, எல்லையில் சோதனை முறையாக ஒரு கூட்டுத் தலைமையகம் அமைத்து, தரைப்படை மேஜரான என் மகன் ஜாஸ்பரை அங்கே போட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி அவன் யாரிடமும் கெஞ்ச வேண்டாம், ஹெலிகாப்டருக்கும் அவனே உத்தரவிடலாம். அதே தளத்தில் விமானப்படை பைலட்டாக இருந்தாள் என் மகள் சுபிதா.

என் மனைவி சத்தியபாய்க்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"அண்ணன் ஏவி தங்கச்சி போணுமா? வேண்டாம், மாத்தச் சொல்லுங்க."

"பட்டாளத்துல சொந்தபந்தமெல்லாம் பாக்க மாட்டாவ, போடி" என்று அவள் வாயை அடைத்தேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் ஜாஸ்பர் கூப்பிட்டான். பனிச்சரிவில் நாலு சிப்பாய்கள் மாட்டிக்கொண்டார்களாம். வானிலை மோசம், காத்திருந்தால் பிழைக்க மாட்டார்கள். சுபிதாவை அனுப்பினான். முதல் நடையில் இரண்டு பேரை உயிரோடு கொண்டுவந்தாள். இரண்டாம் நடையில் ஹெலிகாப்டர் மலையில் மோதிவிட்டது.

"சுபிதா போயிட்டா அப்பா."

நான் அலறியதில் சத்தியபாய் ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

"ஆராக்கும் அவள அனுப்புனது?"

"நான்தாம்மா."

"வேற பைலட் இல்லியா?"

"உண்டும்மா. இன்னைக்கு அவளுக்க முறை."

"இப்பம் பேசுதது ஆரு மக்கா? அவளுக்க அண்ணனா, ஆபீசரா?"

"அண்ணன்தாம்மா." அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணன்னா வேற ஆளத்தான் அனுப்பியிருப்பான்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நான் செஞ்சது தப்பா?"

தப்பில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் சத்தியபாய் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"அப்பா, லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன் மக்கா" என்று மட்டும் சொன்னேன்.