கையைத் தூக்க முடியாத சட்டை

காலை ஐந்து மணிக்கு விருந்துக் கூடத்தின் விளக்குகளைப் போடும்போதே எங்கள் தோள்கள் வலிக்கத் தொடங்கியிருக்கும். நானூறு பேர் உட்காரும் கூடம் அது. கிடங்கிலிருந்து வட்ட மேசைகளை உருட்டி வந்து, கால்களை விரித்து நிறுத்தி, விரிப்புப் போட்டு, தட்டும் கத்தியும் முள்கரண்டியும் அடுக்கி முடிக்கிறபோது ஜன்னல்கள் வெளுக்கும். அப்புறம்தான் உண்மையான வேலை. சமையலறையின் ஆடுகதவை முதுகால் தள்ளிக்கொண்டு, பன்னிரண்டு தட்டு வைத்த ட்ரேயைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைய வேண்டும். ஒரு காலையில் அறுபது தடவையாவது தூக்குவோம். கையைத் தூக்குவதுதான் எங்கள் தொழில்.

அந்த வருடம் ஓட்டல் கைமாறியது. புது முதலாளியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவரும் எங்களைப் பார்த்ததில்லை. அதுவரை பெண்கள் எட்டுப் பேரும் முழங்கை வரை கை வைத்த, தளர்வான கறுப்பு மேலாடை போட்டிருந்தோம். ஆண்கள் பதினோரு பேரும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். இனி எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை. கழுத்துவரை பட்டன். கால்சட்டைக்குள் செருகியிருக்க வேண்டும். மணிக்கட்டில் பட்டன் போட்டிருக்க வேண்டும். வந்து இறங்கிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது, ஒரே மாதிரி என்றால் ஆண்கள் மாதிரி என்று.

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். தோளுக்குச் சரியாக எடுத்தால் மார்பில் பட்டன் பூட்டவில்லை. மார்புக்கு எடுத்தால் தோள் முழங்கையை எட்டிப் பார்த்தது. எங்களில் உயரமானவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவள் ட்ரேயைத் தூக்கினால் சட்டையின் அடிப்பகுதி மொத்தமாக வெளியே வந்து இடுப்புத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பொடிசுக்குக் கைநுனி விரல்களைத் தாண்டித் தொங்கியது. "அக்கா, இதுக்குள்ள என்னைத் தேடிக் கண்டுபிடிங்க" என்று அவள் சொன்ன அன்றைக்குச் சிரித்தோம்.

சிரிப்பு ஒரு வாரம் தாங்கவில்லை. ட்ரேயைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் நடுவே சட்டை வாயைத் திறந்தது. இரண்டு கையும் மேலே இருக்கிறது. எதைக் கொண்டு மூடுவது? சில விருந்தாளிகள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பலர் திருப்பவில்லை. ஒருவன் அதே மேசைக்கு என்னையே நான்கு தடவை கூப்பிட்டான், ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி கேட்டு. சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"கஸ்டமர் சந்தோஷமா இருந்தா நல்லதுதானே" என்று அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையைத் துவைக்கும்போது கல்லில் அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

பிறகு ஆளுக்கு நான்கு ஊக்கு குத்திக்கொண்டு வரத் தொடங்கினோம். ஒரு நாள் ரொட்டிக் கூடையில் திறந்த ஊக்கு ஒன்று கிடந்தது. மேனேஜர் எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தி, ஊக்குகளை ஒரு கிண்ணத்தில் போடச் சொன்னார். போட்டோம்.

"இனிமே ஊக்கு குத்தக் கூடாது" என்றார்.

"சட்டை பொருந்தலையே சார்" என்றாள் நெட்டை.

"பத்தொம்பது பேர்ல பதினோரு பேருக்குப் பொருந்துது. அப்ப தப்பு சட்டையிலயா, உங்க அளவுலயா?"

"அவங்க அளவுக்குத் தச்சிருக்கு, அவங்களுக்குப் பொருந்துது. அதுல அவங்க சாமர்த்தியம் என்ன சார் இருக்கு?"

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கடைத்தெருவுல கிடைக்காத சட்டையா? உங்களுக்குப் பொருந்துறதா நீங்களே பாத்து வாங்கிப் போட்டுக்குங்க. வெள்ளையா இருக்கணும், முழுக்கையா இருக்கணும், உள்ள இருக்கிறது தெரியக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

விடுமுறை நாளில் நானும் நெட்டையும் பொடிசும் கிளம்பினோம். கடைத்தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறு முனைவரை ஏறி இறங்கினோம். பெண்கள் பகுதியில் சட்டைக்குப் பஞ்சமில்லை. வெங்காயத் தோல் மாதிரி ஒன்று. கையை உள்ளே விட்டால் ரேகை தெரிந்தது. இன்னொன்றுக்குக் கை முக்கால்தான். ஒன்றில் கழுத்தில் நாடா வைத்துப் பூ முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒன்றில் பை இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், பை மாதிரி தைத்திருந்தார்களே தவிர உள்ளே பை இல்லை. அளவான சட்டை ஒன்று கடைசியில் ஏழாவது கடையில் கிடைத்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது. பிறகு ட்ரே பிடிப்பதுபோல் கையை மேலே தூக்கினேன். அக்குள் இறுக்கிப் பிடித்தது; மூன்றாவது பட்டன் தெறித்துக் கண்ணாடியில் பட்டு விழுந்தது.

கடைக்காரர் ஓடி வந்தார். "என்னம்மா பண்றீங்க? இது ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கிறவங்களுக்கு. கையெல்லாம் தூக்கக் கூடாது."

"உக்காந்து வேலை பாக்கிறவங்க அலமாரியில ஃபைல் எடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள் நெட்டை.

விழுந்த பட்டனைப் பொறுக்க வந்த விற்பனைப் பெண் குனிந்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இங்க எங்களுக்கும் இதே சட்டைதான்கா. மேல் தட்டுல துணி எடுக்கிறதுன்னா ஆம்பளைப் பையனைத்தான் கூப்பிடுவோம்."

வெறுங்கையோடு திரும்பினோம். கால் வலி ஒரு பக்கம். ஒரு ஊரே சேர்ந்து எங்களுக்குக் கையும் தோளும் மார்பும் இல்லை என்று முடிவு பண்ணியிருக்கிறது என்கிற எரிச்சல் இன்னொரு பக்கம்.

எங்கள் ஓட்டலின் அடித்தளத்தில் துணியறை உண்டு. கிழிந்த படுக்கை விரிப்புகளையும் திரைச்சீலைகளையும் தைத்துக் கொடுக்க அங்கே ஒரு அக்கா இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வாயில் எப்போதும் நூல் இருக்கும். மறுநாள் அவரிடம் போய்ச் சட்டையைக் காட்டினேன். அவர் என்னைக் கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார். அளவு நாடாவை மார்பில் சுற்றி, தோளிலிருந்து மணிக்கட்டுக்கு இறக்கினார். கட்டியவனுக்குக்கூட என் உடம்பு இவ்வளவு விவரமாகத் தெரியாது என்றேன். அவர் நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

வீசியெறிய வைத்திருந்த ஒரு மேசைவிரிப்பிலிருந்து சதுரமாக இரண்டு துண்டு வெட்டி அக்குளில் வைத்தார். பக்கவாட்டில் மடித்துப் பிடித்துத் தைத்தார். இரண்டு பட்டனுக்கு நடுவே வெளியே தெரியாமல் ஒரு பிரஸ் பட்டன் வைத்தார். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். ஒன்றும் திறக்கவில்லை, ஒன்றும் வெளியே வரவில்லை. அழுகை வந்தது. ஒரு சட்டை பொருந்தியதற்கு ஒருத்தி அழ வேண்டிய நிலைமையை நினைத்து உடனே கோபமும் வந்தது.

சாப்பாட்டு இடைவேளைகளில் ஒவ்வொருத்தியாக இறங்கிப் போனோம். பத்து நாளில் எட்டுச் சட்டையும் பெண் சட்டை ஆயின. பொடிசின் சட்டைக் கையை அவர் மணிக்கட்டு அளவுக்கு வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்திருந்தார், "வளர்ற பொண்ணு" என்று. அந்தப் பத்து நாளில் ஒரு தட்டுகூட உடையவில்லை. நாங்கள் முன்னைவிட வேகமாக நடந்தோம்.

சூப்பர்வைசரின் கண்ணில் அந்தப் பிரஸ் பட்டன் எப்படிப் பட்டது என்று நான் கேட்கப் போவதில்லை. மேனேஜர் துணியறைக்கே வந்துவிட்டார்.

"இது கம்பெனி சட்டை. இதைப் பிரிச்சுத் தைக்க யார் சொன்னது? அக்குள்ல வச்சிருக்கிறது கம்பெனி மேசைவிரிப்பு. அதுக்குப் பேரு திருட்டு."

"அது குப்பைக்குப் போற துணி சார்" என்றார் துணியறை அக்கா.

"குப்பையும் கம்பெனி குப்பைதான். நாளைக்குக் காலைல எல்லாச் சட்டையும் வந்தபடியே இருக்கணும். இல்லேன்னா அந்தத் தையல் மெஷினும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க."

துணியறை அக்காவுக்கு வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர். எங்களுக்கும் அது தெரியும். அன்று சாயந்திரம் நாங்களே உட்கார்ந்து தையலைப் பிரித்தோம். பொடிசின் கைமடிப்பைப் பிரித்தது நான்தான். அந்த நூலை உருவிய விரல்களை இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது நாள் காலை ஆறேகால் மணி. பொடிசு காபி பாய்லருக்குப் பக்கத்தில் நின்று குடுவைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் ட்ரே. மறு கையால் குடுவையை எடுத்துத் திரும்பினாள். தொங்கிய கைநுனி குழாயின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. அவள் கையை இழுக்க, குழாய் முழுசாகத் திறந்துகொண்டது. கொதிக்கிற காபி அவள் முன்கையில் கொட்டியது. அவள் கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்தாள், அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. துணி தோலோடு ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டுப் பட்டன் கழலவில்லை. நெட்டை குழாயை மூடிவிட்டு, பல்லால் தையலைக் கடித்துச் சட்டைக் கையைக் கிழித்தெறிந்தாள். நான் பொடிசைக் குழாயடிக்கு இழுத்துப் போய்ப் பச்சைத் தண்ணீரில் கையைப் பிடித்தேன். "அக்கா, குடுவை உடைஞ்சிடுச்சா?" என்று அவள் கேட்டாள்.

மருத்துவமனையில் முட்டை மாஸ்டர்தான் கூட இருந்தார். கூடத்தில் முட்டை பொரித்துக் கொடுக்கிறவர். அவருக்கும் அவள் வயதில் மகள் இருக்கிறாள். மத்தியானம் மேனேஜர் அங்கே ஒரு தாளை அனுப்பினார். 'பணியாளர் தன் அளவுக்குப் பொருந்தாத சட்டையைக் கவனக்குறைவாக அணிந்ததால் விபத்து நேர்ந்தது' என்று அச்சடித்திருந்தது. கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். வலது கையில் கட்டு இருக்கிறதே என்றதற்கு, கைநாட்டு போதும் என்று வந்தவன் சொன்னானாம். முட்டை மாஸ்டர் அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு வந்து எங்களிடம் கொடுத்தார்.

உடை மாற்றும் அறையில் ஏழு பேரும் அதைப் படித்தோம். யாரும் உட்காரவில்லை. துணியறை அக்கா கதவருகே நின்றார்.

"நான் பயந்துட்டேன்" என்றார். "பயந்து பிரிக்க விட்டேன். இனிமே மெஷினைத் தூக்கிட்டுப் போகட்டும்."

"பிரிச்சது நாங்கதான்கா" என்றேன்.

மறுநாள் பெரிய மாநாடு. நானூறு பேருக்கும் ஏழு மணிக்குக் காலைச் சாப்பாடு. வழக்கம்போல ஐந்து மணிக்கு வந்தோம். மேசைகளை உருட்டினோம், விரித்தோம், அடுக்கினோம். ஆறரைக்கு ஆடுகதவுக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றோம், பொடிசுக்குப் பதில் துணியறை அக்கா. யாரும் ட்ரேயைத் தொடவில்லை.

சூப்பர்வைசர் முதலில் அதட்டினார். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். "இவங்க கிடக்கட்டும். நீங்க பதினோரு பேரும் எடுங்கடா."

அந்த ஒரு நிமிடம் எனக்கு மறக்காது. அவர்களில் இரண்டு பேர் ட்ரேயில் கை வைத்தார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, பயம் இருக்கிறது. அப்போது முட்டை மாஸ்டர் அடுப்பை அணைத்தார். காலி ட்ரேயைத் தூக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க என்று கேட்பதுபோல அவர்களைப் பார்த்தார். ஒருவன் கையை எடுத்துக்கொண்டான். "பொடிசு கூடத்தான் தினமும் காபி ஊத்துறேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு வந்து எங்கள் பக்கம் நின்றான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் மட்டும் கடைசிவரை சுவரோரமே நின்றான். ஆனால் அவனும் தூக்கவில்லை.

மேனேஜர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி ஓடி வந்தார். "ஒரு சட்டைக்காக நானூறு பேரைப் பட்டினி போடறீங்களா?"

"ஒரு சட்டையை மிச்சம் பிடிக்க ஒரு பொண்ணு கையை வேக வச்சீங்களே" என்றாள் நெட்டை. அவள் குரல் உயரவே இல்லை.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். பொடிசின் கை ஆறும்வரை வைத்தியமும் சம்பளமும். கவனக்குறைவு என்று எழுதிய தாளை மேனேஜரே எங்கள் முன்னால் கிழிக்க வேண்டும். ஒவ்வொருத்தியையும் நிற்க வைத்து, கையைத் தூக்க வைத்து அளவெடுத்துச் சட்டை தைக்க வேண்டும். அளவெடுக்கத் துணியறை அக்கா இருக்கிறார்.

"இதெல்லாம் என் கையில இல்ல. முதலாளிகிட்டப் பேசணும்."

"பேசுங்க சார். நாங்க நிக்கிறோம்."

"எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு வேற ஆள் வச்சுக்குவார், தெரியுமா?"

தெரியும். பக்கத்தில் நின்ற துணியறை அக்காவின் தோள் என் தோளில் அழுந்தியிருந்தது. அவர் நடுங்குகிறாரா நான் நடுங்குகிறேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அப்போது பின்னால் பாத்திரம் கழுவும் அறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அங்கே வேலை செய்கிற ஆறு பெண்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஓட்டல் அவர்களுக்குச் சட்டை தருவதில்லை. விருந்தாளிகள் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை. அவர்கள் ஈரக் கையோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களில் மூத்தவள் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"எங்களுக்கு ரப்பர் செருப்பு கிழிஞ்சு மாசக்கணக்காகுது. பாத்திரம் கழுவுற சோடாத் தண்ணியிலேயே நிக்கிறோம். கால் வெந்து கிடக்கு. அதையும் எழுதுவியா?"

"எழுதுறேன்கா" என்றேன்.

தாளில் இடம் இல்லை. திருப்பினேன். பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. சுவரில் வைத்து எழுதத் தொடங்கினேன். பின்னாலிருந்து இன்னொருத்தி, "எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றாள்.