அளவுத்தாளில் எழுதாத தீர்த்தம்

நாளொன்றுக்கு எண்ணூறு மில்லிலீற்றர் நீருக்குமேல் ஆகாது என்று வைத்தியர் குலசிங்கத்தாருக்கு விதித்து ஆறு நாளாயிற்று. நுரையீரலில் வளரும் புற்றுநோய்க் கட்டி ஏதோ ஒன்றைச் சுரந்து, குடித்த நீரையெல்லாம் உடம்பில் தேக்கி, குருதியிலுள்ள சோடியம் என்னும் உப்பை நீர்த்துப்போகச் செய்துவிடுகிறதாம். தலைச்சுற்றும் பேச்சுத் தடுமாற்றமும் அதனால்தான். சோடியம் நூற்று முப்பதைத் தொட்டாலன்றிப் புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்கில்லை. அதுவோ நூற்றுப் பத்தொன்பதை விட்டு அசையவில்லை.

துறைமுகத்தில் முப்பதாண்டு எழுதுவினைஞராக இருந்தவர். குடித்த ஒவ்வொரு மிடறையும் கட்டிற்காலில் தொங்கிய தாளில் தம் கையாலேயே பதிந்து வந்தார்.

"ஒளிச்சுக் குடிக்கிறீங்களா ஐயா?" என்றாள் தாதி பஸ்மியா.

"சிவசிவா! நா வறண்டு செத்தாலும் குடியன், பிள்ளை."

அவர் அறிந்த வரையில் அது பொய்யன்று.

மனைவி இறந்து நான்காண்டு, பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. பார்வையாளர் நேரத்தில் மற்றைக் கட்டில்களைச் சுற்றி உறவு மொய்க்கும். அவரைத் தேடி வருபவர் ஒருவரே: கோயிலடியில் மாலை கட்டும் இரத்தினசிங்கம். நாள்தோறும் ஐந்து மணிக்கு ஒரு போத்தல் அபிடேகத் தீர்த்தத்தோடு வருவார். சுவாமிக்கு அன்று என்ன சாத்துப்படி, கடல் எப்படி என்று கால்மணி நேரம் கதைத்துவிட்டுப் போவார்.

ஏழாம் நாட்காலை, பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிண்ணியா மீனவர் தாஹிர் வெறும் போத்தலைச் சுட்டினார்.

"ஐயா, இது முடிஞ்சிட்டுதே. தாளில எழுதல்லையா?"

"அது தீர்த்தமல்லோ."

"தண்ணிதானே?"

"தீர்த்தத்தைத் தண்ணி எண்டு சொல்லக்கூடாது, தாஹிர்."

தாஹிர் சிரித்தார். "என்ட மச்சான் மக்காவில இருந்து ஸம்ஸம் தண்ணி கொண்டந்தவன். அதையும் என்னை அளந்து குடிக்கச் சொல்லிப்போட்டார் டொக்டர். கிட்னிக்கு எது புனிதமெண்டு விளங்குமா ஐயா?"

குலசிங்கத்தார் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். எழுநூற்றைம்பது என்று அடியில் பொறித்திருந்தது. நாணத்தால் அவர் முகம் தாழ்ந்தது.

மாலை இரத்தினசிங்கம் வந்தார்.

"இனித் தீர்த்தம் கொண்டு வராதேங்கோ தம்பி. எனக்கு அது கூடாதாம்."

இரத்தினசிங்கம் போத்தலை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நான் வந்து என்ன செய்யிறது ஐயா?"

சும்மா வாருங்கோ, கதைச்சுக்கொண்டு இருப்பம் என்னும் சொல் நாவின் நுனிவரை வந்தது. தமக்காக வா என்று எவரையும் அழைத்தறியாத நா அது. "உங்களுக்கும் வேலை இருக்கும்தானே" என்றது.

மறுநாள் ஐந்து மணிக்கு எவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சோடியம் மட்டும் ஏறியது: நூற்றிருபத்திரண்டு, நூற்றிருபத்தாறு.

தீர்த்தம் நின்ற ஐந்தாம் நாட்காலை பஸ்மியா தாளை ஆட்டிக்கொண்டு வந்தாள். "நூற்று முப்பத்தொண்டு ஐயா! நாளைக்கு மருந்து ஏத்துவினம். ஆருக்குச் சொல்லவேணும்? நம்பரைத் தாங்கோ."

"இரத்தினசிங்கம் எண்டு ஒருத்தர்..."

நம்பர்? அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"கோயிலடியில மாலை கட்டுறவர், பிள்ளை. அந்தப் பக்கம் ஆரும் போனால் சொல்லச் சொல்லுங்கோ." அவர் குரல் இடறியது, இம்முறை உப்பின் குறையாலன்று. "வெறுங்கையோட வரட்டாம் எண்டு."

"பாப்பம் ஐயா" என்று அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஐந்து மணிக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.