முறுக்கினால் ஒடிந்த வைக்கோல்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எங்கள் ஆய்வுக் கட்டுரையில் ஜோன்ஸ் சார் ஒரு பெயரை அடித்து நீக்கினார். அன்று மாலையே கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் பியூலா, தாவர ஆய்வாளர், கடற்கரைக்காரி. சார் என் வழிகாட்டி. கட்டுரை வெளிவந்தால்தான் எனக்குப் பட்டம்.

முதல் தொடக்கம்: 'தாமிரபரணிக் கரையின் பச்சை வயல்களில் இளங்காற்று...' (வேண்டாம். அறுவடையன்று கொளுத்துகிற வெயில், எனக்குத் தலைவலி.)

2

நெல்லின் ஒவ்வொரு செல்லும் தன் சுவரைத் தானே கட்டிக்கொள்கிறது. செல்லைப் போர்த்திய சவ்வில் நொதிகள் கூட்டமாகப் பதிந்திருக்கும். உள்ளேயிருந்து சர்க்கரையை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, செல்லுலோஸ் இழையாக வெளியே தள்ளும். தள்ளுகிற வேகத்தில் தாமும் சவ்வோடு நகரும். கொத்தனார் கட்டக் கட்ட, சுவரே அவரைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி. (இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது, என்னவோ நானே கட்டியதுபோல.)

அந்த நொதி பழுதான நெல்லைத்தான் இரண்டு வருடமாகத் தேடினோம். மரபணு மாற்றம் கண்ட விதைகளை ஆழ்வார்குறிச்சியில் நானூறு வரிசை நட்டிருந்தோம். தண்டு தண்டாக நுண்ணோக்கியில் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை.

3

அறுவடையன்று, வயல்வேலைக்கு வந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்த முத்துராணி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"என்ன நெல்லு வளத்திய டீச்சர்? பிரி* முறுக்குனா படக்கு படக்குன்னு ஒடியுது. இத வச்சு எங்கன கட்டுக் கட்ட?"

ஓடினேன். (பெருமைக்குச் சொல்கிறேன். உண்மையில் வரப்பில் தடுக்கி விழுந்தேன்.) நூற்றுப் பதினேழாம் வரிசை. அடுத்த மூன்று நாளும் முத்துராணி எல்லா வரிசையையும் முறுக்கிப் பார்த்து இன்னும் இரண்டைப் பிடித்தார். ஆய்வகத்தில் சோதித்தோம். மூன்றிலும் அதே நொதி பழுது, சுவர் மெலிசு.

* பிரி: வைக்கோலை முறுக்கிச் செய்யும் கயிறு. நல்ல வைக்கோல் வளையும், ஒடியாது. இதை எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

4

கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தேன்.

"கடைசில நன்றின்னு ஒரு வரி போடும்மா. எட்டாங்கிளாஸ் படிச்சவ பேரு மேல வந்தா சிரிப்பாங்க," என்றார் ஜோன்ஸ் சார்.

முத்துராணியிடம் போய்ச் சொன்னேன். இந்த இடத்தில் முதலில் எழுதிய வரி: 'பேரெல்லாம் எனக்கு எதுக்கு டீச்சர் என்று அவர் வெள்ளந்தியாகச் சிரித்...'

அடித்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அடக்கமான முத்துராணி என் எழுத்துக்கு வசதி, அவ்வளவுதான். அவர் சொன்னது இது:

"கண்டுபிடிச்சது நானு. நன்றிய நீங்களே வச்சுக்கிடுங்க. பேரப் போடுங்க."

இவரோடு வேலை செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

5

முடிவு ஒன்று: சார் மனம் திருந்தி... (அவரை அத்தனை நல்லவராக்க எனக்கு மனமில்லை.)

முடிவு இரண்டு: நான் பணிந்துபோய், பட்டம் வாங்கி, அங்கியோடு படம்... (எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். கட்டுரையோடு போகவேண்டிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்கு மூன்று கட்டங்கள். முதலில் நான் கையெழுத்திட்டேன். அடுத்து முத்துராணி, நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரும். மூன்றாவது, சாருடையது, காலி. படிவம் சாரின் மேசையில் இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் கட்டுரையை அனுப்ப முடியாது. முத்துராணியின் பெயர் இல்லாமல் நான் அனுப்பமாட்டேன்.

வாசகரே, சாரின் நாற்காலியில் உங்களை உட்கார வைத்துவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். முத்துராணியின் எழுத்து பெரிது. அவர் கட்டத்தைத் தாண்டி உங்கள் கட்டத்துக்குள் பாதி இறங்கியிருக்கிறது. கையெழுத்துப் போடுவதாக இருந்தால், கொஞ்சம் சின்னதாகப் போடுங்கள்.