கால் எட்டாத பெஞ்சு

மாலை வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெல்டரின் கால்கள் தரைக்கு எட்டவில்லை. அதே பெஞ்சு, அதே வெல்டர். முதல் வாரம் முழங்காலை மடக்க இடம் போதாமல் ஒரு காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அவர். அந்தக் காலைத் தாண்டித்தான் டாக்ஸி ஓட்டுகிற அம்மா தன் இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. இப்போது இரண்டு கால்களும் அந்தரத்தில் ஆடின. ஐம்பது தாண்டிய மனுஷர் குட்டையாகிக்கொண்டு வருகிறார் என்பதை எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரவர் வீட்டிலும் அந்தக் கதைதானே! டாக்ஸி அம்மா தன் சீட்டில் போட்டுக்கொள்ளத் தலையணை வாங்கியிருந்தார். பின்பெஞ்சுக் காவலாளியின் தொப்பி காதுவரை இறங்கிவிட, அவர் அதற்குள் துணியைத் திணித்திருந்தார். ஆனால் வெல்டர் அளவுக்கு யாரும் குறையவில்லை.

வகுப்பு எடுத்தவள் வெல்டரின் கூடப்பிறந்த தங்கை. பன்னிரண்டு வருஷம் மழலையர் பள்ளியில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள், முப்பத்தெட்டு வயதில் வயது வந்தோர் கல்வியில் முதுகலை படிக்கக் கிளம்பினாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்குக் கணக்கையும் வாசிப்பையும் அடியிலிருந்து சொல்லித்தரும் படிப்பு அது. படிப்புச் செலவு முழுக்க அண்ணனுடையது. கடைசிப் பருவத்தில் நிஜமான வகுப்பு ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும், மேற்பார்வைப் பேராசிரியர் வந்து உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அதே சமயத்தில் கப்பல் பட்டறையில் புது உத்தரவு ஒன்று வந்தது: பாதுகாப்புத் தேர்வை எழுத்தில் தேறாத வெல்டர்களுக்கு அடுத்த மாதம் முதல் வேலை இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட அண்ணன், வேறு வழியில்லாமல் தங்கையின் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தார். எல்லார் முன்னாலும் அவளை "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார். டீச்சர் என்று சொல்ல நாக்கு வரவில்லை போலும்.

"பெரியவரைப் பெரியவராக நடத்து" என்று தேர்வுத்தாளில் நான்கு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் அவள். கரும்பலகைக்கு முன்னால் நின்றதும் அது எங்கே போனதோ, பழைய மழலைப் பள்ளி வாய்தான் வந்தது. யார் எதை எழுதினாலும் கை தட்டினாள். "சமத்து!" என்றாள். "அடடே, என்ன அழகா எழுதியிருக்கீங்க!" என்றாள். மழலைப் பள்ளியில் மீந்துபோன பாக்கெட் நட்சத்திர ஒட்டிகளைப் புறங்கையில் ஒட்டிவிட்டாள். விடை சரியாக இருந்தாலும் நட்சத்திரம், தப்பாக இருந்தாலும் நட்சத்திரம். பெரியவர்களும் வெட்கத்தோடு சிரித்தபடி ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பட்டறையில் மேஸ்திரிக்குத்தான் கொண்டாட்டம். வேறு யாராலும் நுழைய முடியாத குழாய்களுக்குள் வெல்டரை அனுப்பி, மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த ஒட்டு வேலையை எல்லாம் முடித்துக்கொண்டார். பிறகு முகக்கவசம் தோளில் இடித்தது. பிறகு வெல்டிங் கைப்பிடியைத் தூக்க இரண்டு கையும் போதவில்லை. தேர்வுவரைதான் பொறுத்துக்கொள்வேன் என்று மேஸ்திரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் அண்ணி தினம் தினம் புருஷனின் பேண்ட்டுகளை மடித்துத் தைத்தாள். வெட்டவில்லை, மடிக்க மட்டுமே செய்தாள். "துணிய வெட்டிட்டா அப்புறம் எதை வச்சுப் பிரிக்கிறது?" என்பாள். வகுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்க வேண்டியதே இல்லை என்பதையும் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அடுப்படியில் நாத்தனாரை நிறுத்திச் சொல்லியும் விட்டாள்: "என்ன சொல்லித்தர்றியோ தெரியல. உன் வகுப்புக்குப் போயிட்டு வந்தாதான் இவரு குறையறாரு."

தங்கை அப்போது மேல்தட்டிலிருந்து டம்ளர் எடுக்க முக்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். அண்ணனோடு இருக்கும் அந்த வீட்டில் அவளுக்கு எப்போதும் முக்காலி வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதே உயரத் தட்டு சாதாரணமாகக் கைக்கு எட்டும், வீட்டில் எட்டாது. அதை அவள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. அண்ணி சொன்னதுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

மறுநாள் வகுப்பில் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒரு கழித்தல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ஆவலோடு நிமிர்ந்தார். பழக்க தோஷம், அவள் வாயிலிருந்து "சமத்து" என்று விழுந்துவிட்டது. விழுந்த அந்த நொடியே அண்ணனின் கைக்கடிகாரம் மணிக்கட்டைவிட்டு நழுவிப் பெஞ்சின் மேல் விழுந்தது. அவர் அதை எடுத்து முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டார்.

அன்று முதல் அவள் பாராட்டுவதை விட்டாள். குறைவது நின்றது, ஆனால் போனது திரும்பவில்லை. தப்பைத் தப்பென்று சொல்லத்தான் வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லத் துணிச்சல் வரவில்லை. சின்ன வயதில் ஒரு வாத்தியார், தப்பான கணக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பள்ளி முழுக்கச் சுற்றிவரச் சொன்ன அன்றுதான் அண்ணன் படிப்பை விட்டார். அந்தக் கதையை அவரே ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. இப்போது தப்பு என்றால் எழுந்து போய்விடுவார். போனால் தேர்வு போச்சு, வேலை போச்சு. சொல்லாவிட்டால் கைப்பிடி தூக்க முடியாத கையோடு அவர் பட்டறை வாசலில் நிற்கவேண்டும். இப்படியே நாட்கள் ஓடின. தேர்வுக்கு முந்தின நாளும் வந்தது, அன்றைக்கே பேராசிரியரும் வந்தார்.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பலே'. யார் எதைச் சொன்னாலும் பலே என்பார். அவரிடம் ஆய்வு முடித்தவர்களில் கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டவர் ஒருவரும் கிடையாது. வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். ஊக்கமூட்டும் ஆசிரியை என்று அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். அண்ணனைப் பலகைக்குக் கூப்பிட வேண்டிய முறை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, முக்காலையும் அரையையும் கூட்டினார். மேலே இருந்ததை மேலே இருந்ததோடும் கீழே இருந்ததைக் கீழே இருந்ததோடும் சேர்த்து, ஆறில் நாலு என்று எழுதிவிட்டுத் திரும்பினார். பலேயின் உள்ளங்கைகள் தட்டத் தயாராகப் பிரிந்து நின்றன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டம் கைக்கு வந்துவிடும். அதே வார்த்தையைச் சொன்னால் அண்ணனால் அந்த நாற்காலியிலிருந்து தானாக இறங்கக்கூட முடியாது.

"தப்பு" என்றாள் தங்கை.

அண்ணனின் முகம் சிவந்தது. "என்ன சொன்ன?"

"தப்புண்ணா. முக்காலோட அரையைச் சேர்த்தா, முக்காலைவிடக் குறைஞ்சு போகுமா? ஆறுல நாலு முக்காலைவிடச் சின்னது."

அவர் சாக்குக்கட்டியை வீசிவிட்டு இறங்கினார். போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கதவுவரை போனவர் திரும்பினார். "அப்போ இத்தனை நாளா போட்டதெல்லாம்? அதுவும் தப்பா? தப்பைப் பார்த்துட்டா கை தட்டின?"

"பாதி தப்பு. உங்க மனசு நோகும்னு சொல்லல."

"நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று கத்தினார், அவள் இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டு. ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கும் எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் மட்டும்? நாளைக்கு எனக்கு நாற்பது. ஊர் முன்னாடி பாப்பா, பாப்பா! ஒரு கடுதாசியில கையெழுத்துப் போடணும்னாக்கூட நீங்கதான் படிச்சுப் பார்ப்பீங்க!" அவர் விடவில்லை, அவளும் விடவில்லை. நட்சத்திர ஒட்டி, டம்ளர், படிப்புச் செலவு, செத்துப்போன அப்பா என்று எல்லாம் வெளியே வந்தது. கத்தக் கத்த வெல்டரின் பேண்ட் மடிப்புகள் படபடவென்று பிரிந்தன. கடிகாரம் முழங்கையிலிருந்து இறங்கி மணிக்கட்டைப் பிடித்தது. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மூச்சு வாங்கியபடி பலகைக்குப் போய், நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "எங்க தப்பு, காட்டு" என்றார். காட்டினாள். மறுபடியும் தப்பாகப் போட்டார். "இதுவும் தப்பு" என்றாள். மூன்றாம் தடவை ஒன்றேகால் வந்தது. அவள் கை தட்டவில்லை. "சரி, அடுத்தது" என்றாள். காவலாளி தன் தொப்பிக்குள்ளிருந்து துணியை உருவிக்கொண்டு கை தூக்கினார், தன் கணக்கிலும் தப்பிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி.

கடுமையானவர், ஊக்கமூட்டத் தெரியாதவர் என்று பலே அவளைத் தேறவிடவில்லை. வெல்டர் மறுநாள் தட்டுத்தடுமாறித் தேறி, பழைய உயரத்தோடு பட்டறைக்குத் திரும்பினார். குழாய் வேலை நின்றுபோன வருத்தத்தில் மேஸ்திரி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்தப் பருவத்தை மறுபடி படிக்க அவள் அண்ணனிடம் காசு கேட்கவில்லை, மழலையர் பள்ளியில் கூடுதல் வேலை பார்த்தாள். அவரும் கொடுக்கிறேன் என்று வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். "பா" என்று தொடங்கிப் பல்லைக் கடிப்பதும் அந்த வருஷம் முழுக்க நடந்தது. அண்ணிக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு.

பட்டமளிப்பு அன்று, படிப்பில் சேர்ந்தபோது அண்ணி வீட்டில் எடுத்துக் கொடுத்த அளவுக்குத் தைத்த அங்கி அவளுக்கு முழங்கால்வரைதான் வந்தது. மேடையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே கூட்டத்தில் அண்ணன் வழக்கம்போல் தன் நெஞ்சு உயரத்துக்குப் பார்வையைத் தாழ்த்தி அவளைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் நேர் எதிரே போய் நின்றாள். அவர் நிமிர்ந்தார், நேருக்கு நேர் கண்ணைப் பார்த்தார்.

"வாங்க டீச்சர்," என்றார், "வீட்டுக்குப் போலாம்."

அடுப்படி முக்காலி இப்போது வாசலில் இருக்கிறது. அண்ணி அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறாள்.