கண்மாய் வளைவில் அறுந்த பாட்டு

வனிதா பேசினால் பக்கத்து சீட்டுக்கே கேட்காது. "கீரனூர் ஒண்ணு" என்று அவள் சொல்வதை உதட்டைப் பார்த்துத்தான் நான் டிக்கெட் கிழிப்பேன். தையல் கம்பெனிக்கு எங்கள் மினி பஸ்ஸில்தான் தினமும் போவாள். அன்றைக்குக் குன்றாண்டார்கோவிலில் ஏறியதும் உட்காராமல் என்னிடம் வந்தாள்.

"ராசண்ணே, இன்னைக்கு மட்டும் நம்ம ஊரு ரேடியோ வைப்பீங்களா?"

"ஏம்மா, பென்டிரைவ் பாட்டுக்கு என்ன கொறைச்சல்?"

"நான் ஒண்ணு பாடி அனுப்பியிருக்கேண்ணே. பேரு சொல்ல வேணாம்னுட்டேன். கேட்டுட்டு யாராச்சும் போன் பண்ணா வாராவாரம் பாடச் சொல்றாங்க. யாரும் பண்ணாட்டி இதோட விட்டுர்றேன்னு வீட்டுல வாக்கு குடுத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்தக் குரலா ரேடியோவுக்கு? இருந்தாலும் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது, வைத்துத் தொலைத்தேன்.

அந்த ரேடியோ பக்கத்துக் கிராமத்தில் பெண்கள் குழு ஒன்று ஒரே அறையில் நடத்துவது. சினிமாப் பாட்டு கிடையாது. உரம், தடுப்பூசி, நடுநடுவே யாராவது உள்ளூர்க்காரர் பாடுவார். அதுவும் கீரனூருக்கு முன்னாலுள்ள கண்மாய் வளைவு வரைக்கும்தான் எடுக்கும், தாண்டினால் வெறும் இரைச்சல். "என்னய்யா இது, அணைய்யா!" என்று பின்சீட்டில் சத்தம். "இன்னைக்கு ஒரு நாள் கேட்டா காது கழண்டுறாது" என்று எரிந்து விழுந்தேன்.

அறிவிப்பாளர் அன்புச்செல்வியோ நெல்லுக்கு வரும் நோயைப் பற்றிப் பேசுகிறாள், பேசுகிறாள், விடுகிற பாடில்லை. பின்னால் வேறொரு பஸ் வருவதால் டிரைவர் பிராங்க்ளின் பஸ்ஸை விரட்டுகிறான். அடி ஆத்தா, சீக்கிரம் பாட்டைப் போடேன் என்று எனக்கே வாய்வரை வந்துவிட்டது. கண்மாய்க் கரை கண்ணில் தெரியும்போதுதான் போட்டாள்.

மேளமில்லை, ஆர்மோனியமில்லை. தையல் மெஷின் ஓடுகிற சத்தம்தான் தாளம். அதன்மேல் ஒரு குரல்.

'ஊசி ஓடுற ஓட்டத்துக்கு உசுரு ஓடலியே, என் உசுரு ஓடலியே...'

சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுசில் அப்படியொரு குரலைக் கேட்டதில்லை. சில்லறை கேட்டு நீட்டின கை நீட்டினபடி நின்றது. அணைக்கச் சொன்ன பின்சீட்டுக்காரனே காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். நான் வனிதாவைப் பார்த்தேன். மடியில் சாப்பாட்டுப் பை, குனிந்த தலை. இவ்வளவு பெரிய குரலை இத்தனை நாளும் எங்கேதான் வைத்திருந்தாள்!

வளைவு வந்தது. பாட்டு கொரகொரவென்று அறுந்தது.

"அட நாசமாப் போக!" என்று கத்தினேன். பிராங்க்ளின் சடாரென்று பிரேக் போட்டான். கத்திக்கொண்டு ஓடிவருகிற ஆளுக்காகக்கூட ரிவர்ஸ் எடுக்காத மனுஷன், என் விசிலுக்குக் காத்திராமல் பஸ்ஸைப் பின்னால் விட்டான். பாட்டு மறுபடி வந்த இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தான். பின்னால் வந்த பஸ் ஆரனை அடித்துக்கொண்டு வழியில் எங்களுக்காக நிற்கும் கூட்டத்தை அள்ளப் பறந்தது. போனால் போகட்டும்.

பாட்டு முடிந்தது. அன்புச்செல்வி போன் நம்பரைச் சொன்னாள். பஸ் மொத்தமும் செல்லை எடுத்தது.

"எனக்கு பிஸின்னு வருது."

"எனக்குந்தான். ஊரே அடிக்கிதுபோல!"

வனிதா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிராங்க்ளினுக்குத்தான் லைன் கிடைத்தது. போன் பேச்சு அப்படியே ரேடியோவிலும் போவதால் ஸ்பீக்கரில் கீச்சென்று சத்தம் வர, வால்யூமைக் குறைத்தேன்.

"ஏங்க, யாருங்க அந்தப் புள்ள? ஊரையாச்சும் சொல்லுங்க. நேர்ல போயி ஒரு கும்புடு போட்டுட்டு வாரேன்."

"பேரு, ஊரு எதுவும் சொல்ல வேணாம்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க..." என்று அன்புச்செல்வி இழுத்தாள்.

வனிதா எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணே, நான்தான். வனிதா. இந்த பஸ்ஸுலதான் இருக்கேன்."

பிராங்க்ளினின் போனுக்குள் போன குரல் எங்கள் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. சுத்துப்பட்டு ஊரெல்லாம் கேட்டிருக்கும். பிராங்க்ளின் வாயைப் பிளந்தபடி அவளையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வனிதாவா? அப்ப, அடுத்த வாரமும் பாட வருவீங்களாங்க?" என்றாள் அன்புச்செல்வி.

"வாரேங்க. வீட்டுலயும் கேட்டுக்கிட்டிருப்பாங்க. நான் வாரேன்!" என்று பஸ்ஸே அதிரச் சொன்னாள் வனிதா.