பெயரில்லாத எண்பது ஜி.பி.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பியாகணும் டாக்டரம்மா," என்றாள் மனைவி. கம்ப்யூட்டர் மெக்கானிக்கை அந்தத் தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

ஒரே லேப்டாப்பில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஒன்று கணவனுடையது, மற்றது மனைவியுடையது. பட்டனை அமுக்கினால் எது வேண்டும் என்று மெனு கேட்கும். நேற்றுக் காலை கணவன் தன்னுடையதை அப்கிரேடு செய்தான். அதன்பின் கேள்வியே இல்லை. நேராக அவனுடையதுதான் திறந்தது. காது கேளாத பிள்ளைகளுக்காக அவள் இரண்டு மாதமாக எழுதிய சைகைப் பாடநூல் மற்றதில் மாட்டிக்கொண்டது.

மெக்கானிக் பென் டிரைவ் செருகி டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"மெனு மட்டும் போயிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. இங்க உங்க பகுதியவே காணோம்மா. எண்பது ஜி.பி. காலின்னு காட்டுது."

"பாழாப்போன அப்கிரேடு," என்றாள் மனைவி.

"சுத்த மோசம்," என்று ஒத்து ஊதினான் கணவன்.

"தோண்டிப் பாக்கலாம். ஆனா அப்கிரேடு அது மேல எதை எழுதித் தொலைச்சிருக்கோ. நாள் முழுக்கத் தோண்டியும் குப்பைதான் வரலாம்."

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். "வேணாம், புதுசாவே போட்டுடுங்க. பழைய காப்பி ஒண்ணு இருக்கு. முடிஞ்சவரைக்கும் அடிச்சு அனுப்பறேன்."

அவள் குரல் உடையவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது.

மெக்கானிக்கின் விரல் என்டர் பட்டனுக்குப் போனது. புதியது ஏறினால் பழையது அடியோடு போய்விடும். அவன் செய்த காரியமும் அதோடு புதைந்துவிடும்.

"நிறுத்துங்க," என்றான். "அழிச்சது அப்கிரேடு இல்ல. நான்."

மனைவி திரும்பவே இல்லை.

"அப்கிரேடு முடிஞ்சதும் பழைய குப்பையை நீக்கவான்னு கேட்டுச்சு. டிஸ்க்கைத் திறந்தா பேரே இல்லாம ஒரு துண்டு. அதுதான் குப்பைன்னு நினைச்சு..."

"அதுக்கப்புறம் அந்த இடத்துல எதையாவது வச்சீங்களா?" மெக்கானிக் அதட்டினாள்.

"இல்ல. மெனு வரலைன்னதும் பயந்து அணைச்சிட்டேன்."

"முதல்லயே வாயைத் திறக்கறதுக்கென்ன? டிஸ்க்குல அந்தப் பகுதியோட எல்லைக்கோடுதான் அழிஞ்சிருக்கு. உள்ள இருக்கறது அப்படியே இருக்கும்."

நாற்பது நிமிடத்தில் கோடு திரும்ப வந்தது. பிறகு மெனு. கடைசியில் பாடநூல், நேற்று முன்தினம் அவள் நிறுத்திய வரிவரை. மனைவி அங்கேயே உட்கார்ந்து அனுப்பி முடித்தாள். மணி நாலரை.

தெருவில் இறங்கியதும் சொன்னாள்: "தெரியாம அழிச்சீங்க, சரி. நான் அப்கிரேடைத் திட்டினப்ப நீங்களும் சேர்ந்து திட்டினீங்களே."

அவன் லேப்டாப் பைக்குக் கை நீட்டினான்.

"இருக்கட்டும், நானே தூக்கிக்கறேன்," என்று அவள் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அன்று மட்டுமல்ல, அதற்கப்புறமும் நெடுநாள் அந்தப் பையை அவளேதான் தூக்கினாள்.