துள்ளும் எழுத்து

சென்னிமலை நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துப் படித்தான். மில்லுக்குப் போகிற வழியில் சுவரெல்லாம் ஒட்டியிருந்த நாடக நோட்டீசுகள்தான் அவனுக்குப் பள்ளிக்கூடம். அதனால் அவன் 'க' போட்டால் வால் சுருளும், 'ழ' போட்டால் இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்கும். வேறு மாதிரி எழுத அவனுக்குக் கை வராது.

ஜலகண்டாபுரத்தில் மகள் உண்ணாமலைக்குத் தலைப்பிரசவம். தாயில்லாத பெண். நான்கு நாள் லீவு கேட்டுத் தன் கையாலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏப்பா, ஆட்டம் எத்தனை மணிக்கு?"

"புள்ளைக்கு வலி கண்டிருச்சுன்னு சேதி வந்துதுங்க, சாமி. எனக்கு இப்படித்தானுங்க எழுத வருது."

"வலியை இப்படிக் கூத்தாட்டமா எழுதுனா எவன் நம்புவான்?" என்றவர் காகிதத்தை மறுபடியும் பார்த்தார். "ஆனா எழுத்து ஷோக்கா இருக்குது. இனிமே பஞ்சுக் கூடத்துக்குப் போகாதே. நூல் மூட்டைக்கெல்லாம் நீயே பேர் எழுது. வாங்கறவன் கண்ணுல படோணும். லீவைப் பொறவு பாத்துக்கலாம்."

சொல்லாமல் போனால் வேலை போய்விடும். சென்னிமலை மசிச் சட்டியின் முன்னால் உட்கார்ந்தான்.

சாயங்காலம் கணக்குப்பிள்ளை மூட்டையில் எழுத அடுத்த ஊரின் பேரைச் சொன்னார். "ஜலகண்டாபுரம், பன்னெண்டு மூட்டை."

பன்னிரண்டு தடவையும் 'ஜ' துள்ளிக் குதித்தது. மூட்டைகள் மாட்டுவண்டி ஏறின. வண்டிக்குப் பின்னாலேயே நடந்தவனை மில் வாசலில் கேட்டுக்காரன் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினான்.

"நீ எங்கப்பா போறே? மூட்டைக்குத்தான் வெளிய போகச் சீட்டு."